பச்சை அட்டை

வரைபடம் சமையலறை மேசைக்குப் பெரிது.
கிரீஸ் விளிம்பு தாண்டித் தொங்கியது.
பறக்காமலிருக்க
அல்பேனியாவின் மேல் காப்பிக் கெண்டியை வைத்தேன்.
அன்று த்ரியெஸ்தேயில் போரா அடித்தது,
சாத்திய சன்னலுக்குள்ளும் விரல் விட்டுப் பார்க்கிற காற்று.

யாசென்கோ காரின் வயதைக் கூட்டிப் பார்த்தான்: இருபத்திரண்டு.
ஏற்றத்தில் சூடாகும்.
அப்போது, ஜூலையானாலும், ஹீட்டரைத் திறந்துவிட்டு
எஞ்சினின் காய்ச்சலை நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.
"லொகராக் கணவாய் ஆயிரம் மீட்டர்," என்றான்.
"சட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டுவேன்."
திரும்பி வருவது இகூமெனிட்சாவிலிருந்து கப்பலில்.
கார் அதற்குள் களைத்துவிடும் என்று இருவருக்கும் தெரியும்,
காரின் காதுபட யாரும் சொல்லவில்லை.

தையல் நூலால் அளந்தேன்.
இந்தக் கடற்கரை நூல் பிடித்தாற்போல் போகிற சாதியில்லை.
ஒவ்வொரு குடாவுக்குள்ளும் போய்
வேறு மனசோடு திரும்பி வந்தது நூல்.
ரியேக்கா. செஞ். ஷிபெனிக்.
கொட்டோர்க் குடாவில் காரோடு ஏற ஒரு படகு.
ஷ்கோடர், சரந்தா.
மொனெம்வசியாவுக்கு ஒரு கட்டைவிரல் முன்னால்
நூல் தீர்ந்துபோயிற்று.

குரோஷியாவின் கரை ஓரிடத்தில் அறுபடும்.
கடலைத் தொட்டுப் பார்க்க
அங்கே போஸ்னியா இறங்கி வருகிறது:
என் வரைபடத்தில் ஒரு விரற்கடை.
ஒரு சிற்றூர், சில ஹோட்டல்கள், மலிவான பெட்ரோல்.
முன்பெல்லாம் அதற்குள் புகுந்து வெளியேறித்தான் தெற்கே போகலாம்.
இப்போது ஒரு பாலம்
கடல்மேல் ஏறி அதை ஒதுக்கிவிட்டுப் போகிறது.
என் வரைபடம் பழையது.
பாலத்தை யாசென்கோதான் வரைந்தான்,
ரூலர் வைத்து, இரண்டு தடவை அழுத்தி.

"பழைய வழியில் போனால்தான் என்ன?" என்றேன்.
"பெட்ரோல் மலிவு."
"ஐந்து எல்லை ஏழாகிவிடும். வெயிலில் வரிசை."
நியாயம்தான்.
பதினொரு வருடமாக நியாயங்கள் கேட்கிறேன்.
பனி என்றான் ஒரு வருடம்,
லீவு இல்லை என்றான்,
டயர் மொட்டை என்றான்.
அவன் ஊர் அந்தக் கரையிலிருந்து
நாற்பது கிலோமீட்டர் உள்ளே.
ஆற்றின் பெயரைச் சொல்வான், அதன் குளிரைச் சொல்வான்.
ஊரின் பெயரைப் படிவங்களில் மட்டும் எழுதுவான்,
கட்டத்துக்கு ஓர் எழுத்தாக.

வியாழக்கிழமை காப்பீட்டு அலுவலகம்.
பச்சை அட்டை இப்போது வெள்ளைத் தாளில் வருகிறது,
பெயர் மட்டும் பச்சையாகவே நிற்கிறது.
நாடுகள் குட்டிக் கட்டங்களில்.
போகாத நாட்டை அடித்துவிடுவது
சிஞ்ஞோரா சொர்சூத்தின் வழக்கம்.
மொரோக்கோ, ஒரு கோடு. துனீசியா, ஒரு கோடு.
துருக்கியின் மேல் பேனா எழுதவில்லை,
உதறி, மறுபடி அடித்தார்.
"போஸ்னியா? உங்கள் வழியில் இல்லையே."
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
நான் சுவரிலிருந்த கப்பல் காலண்டரைப் பார்த்தேன்.
ஏப்ரல் பாதியாகியும்
மார்ச் கிழிபடாமல் இருந்தது.

"கூடுதல் பணமா?" என்றான் யாசென்கோ.
"இல்லை."
"அப்படியானால் இருக்கட்டும்."

தெருவில் காற்று எங்களைத் தள்ளியது.
தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
வீடுவரை ஸ்பேர் டயர் பற்றியே பேசினான்,
கூடாரத்தை மேலே கட்டினால்
அடுப்பை எங்கே வைப்பது என்று.

மேசையில் வரைபடம் போட்டபடி கிடந்தது.
பாலம் அழியவில்லை, அழுத்திப் போட்ட கோடு.
அவன் குளிக்கப் போனதும்
நூல்கண்டைத் தேடி எடுத்து
இன்னொரு துண்டு வெட்டினேன்,
போக நாற்பது, வர நாற்பது,
அளக்காமல்,
கொஞ்சம் தாராளமாகவே.